பிள்ளையாரை வலம் வந்த கார்

மானிப்பாயில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே பிள்ளையார் கோயில். முழங்கால் நோகத் தொடங்கிய பிறகு வெளிவீதியை நடந்து சுற்ற எனக்கு ஏலாமல் போய்விட்டது. அதற்காக விட முடியுமா? காலைப் பூசை முடிந்ததும், வாசலில் கழற்றிய செருப்பைப் பின்சீற்றில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு காரை ஓட்டி மூன்று தரம் சுற்றி வருவேன். என் மனிசி நடந்துதான் சுற்றுவாள். அவளைத் தாண்டும்போதெல்லாம், "பிள்ளையாரை வழிவிடச் சொல்லி ஹோர்ன் அடிச்சுப் போடாதேங்கோ" என்பாள்.

போன மாரியில் ஒரு ஞாயிறு, வழக்கம்போலப் பருத்தித்துறைக்கு மகள் வீட்டுக்குப் போகையில், ஈர றோட்டில் பிறேக் பிடிக்க, கார் வழுக்கிக்கொண்டு போய் மதகுக் கட்டில் முட்டாத குறையாக நின்றது. பிள்ளையாரப்பா என்று கும்பிட்டேன். மனிசி இறங்கிக் காரின் முன்சில்லைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்த ரயரிலை ஒரு வரியும் இல்லை. உங்கடை தலை மாதிரிக் கிடக்கு. உது ஏன் இப்பிடித் தேயுதெண்டு கண்டுபிடிக்கும் வரைக்கும் நான் பஸ்ஸிலைதான் போவன்."

சொன்னபடியே அடுத்த ஞாயிறு பஸ் ஏறிவிட்டாள். என் முழங்காலுக்குப் பஸ் படி தோதுப்படாது. பேரனைக் காணாமல், அவள் மூடி வைத்துவிட்டுப் போன புட்டோடு நான் வீட்டில் இருந்தேன். இனி எல்லா ஞாயிறும் இப்படித்தானோ என்று நினைத்துப் புட்டைத் திரும்ப மூடி வைத்தேன்.

மறுநாளே எங்கள் வீட்டு ஒழுங்கை முடிவில் உள்ள ரயர் கடைக்குக் காரைக் கொண்டுபோனேன். மனிசி பின்னால் நடந்து வந்தாள். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"அண்ணை, காத்துக் குறைச்சலா ஓடியிருக்கிறியள். அதுதான் ரண்டு ஓரமும் தேஞ்சிருக்கு."

"மாதாமாதம் பாக்கிறனான். காத்துக் கூடுதலா இருந்தால் இறக்கியும் விடுறனான்!"

"எப்ப பாக்கிறனியள்?"

"யாழ்ப்பாணம் போய்ச் சந்தை முடிச்சு, மத்தியானம்."

"ஓடின சூட்டிலை காத்துக் கூடத்தான் காட்டும். அதை இறக்கினால், ரயர் ஆறினாப் பிறகு குறைஞ்சுதானே கிடக்கும்? விடிய, கார் எடுக்க முதல் பாருங்கோ." பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா இடப்பக்க முன்சில்லின்ரை வெளி ஓரம்தான் எல்லாத்திலும் மோசம். எப்பவும் வலப்பக்கமே ஒடிச்சு ஓடுறியளோ?"

"சீ, நான் நேர் றோட்டிலை ஓடுறவன்."

மனிசி சிரித்த சிரிப்பில் அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "தம்பி, இவர் தினமும் பிள்ளையாரை வலம் வாறவர். காரிலை!"

"அப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் மறுவளமாச் சுத்துங்கோ அண்ணை, சமனாத் தேயும்."

"சிவ சிவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அதுக்கு நான் ரயர் இல்லாமலே ஓடுவன்."

முன்னுக்கு இரண்டு புது ரயர் போட்டோம். அடுத்தநாள் காலை காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, மனிசியோடு வெளிவீதியில் இறங்கினேன். அவள் எனக்காக ஆமைபோல நடந்தாள். தேர் நிற்கும் தேர்முட்டியடியில் நான் மூச்சு வாங்கினேன்.

"நோகுதோ?"

"ஓம்."

"ஒரு சுத்துக் காணும். மிச்சத்துக்கு நான் உங்களுக்கும் சேத்துச் சுத்துறன். பிள்ளையார் கோவிக்க மாட்டார். காரிலை வந்தாத்தான் தூசியிலை தும்முறவர்."

ஞாயிறு விடிய, புதிதாக வாங்கிய மீற்றரால் நாலு சில்லுக்கும் காற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். மனிசி முன்சீற்றில் ஏறி இருந்தாள்.

"என்ன பாக்கிறியள்? பேரன் எழும்பியிருப்பான், எடுங்கோ."