பிறை விழுந்த நயா பைசா

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். அணாவுக்கு எத்தனை பைசா என்று ஸ்டாப்புக்கு ஸ்டாப் தகராறு. அது ஓய்ந்தால் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரிக்கிற பேச்சு. எந்தெந்த ஊர் மெட்ராஸ் பக்கம் போகும் என்று என்னிடம் கேட்பார்கள், டிக்கெட் கிழிப்பவனுக்கு அதுவும் தெரியும் என்பதுபோல.

வீட்டிலும் அதே பேச்சுதான். என் மனைவிக்குப் பிறந்த ஊர் வேலூர்.

"நாளைக்கு கோடு போட்டுட்டா இங்கயும் அங்கயும் அலஞ்சிக்கினு இருக்கணும். இப்பவே வேலூருக்குப் போய்டலாங்க" என்பாள்.

"அங்க யாரு எனக்கு வேலை வெச்சிக்கினு காத்திருக்காங்க?" என்பேன். ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்காது.

ஒருநாள் மெட்ராஸ்காரர் ஒருவர், நான் கொடுத்த சில்லறையில் ஒரு பைசாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்போரம் நகம் பதிந்ததுபோல ஒரு சின்னப் பிறை.

"இது அச்சு அடிக்கும்போதே தப்பா விழுந்த காசு கண்டக்டர். மெட்ராஸ்ல இந்த மாதிரி காச தேடி வாங்கறவங்க இருக்காங்க" என்று சொல்லி, அதைத் தனியாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கைக்கு வந்தது போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. அன்றிலிருந்து கண்டக்டர் பையில் விழும் ஒவ்வொரு பைசாவையும் புரட்ட ஆரம்பித்தேன். தேடினால் கிடைக்கவும் செய்தது. அதே பிறை, அதே விளிம்போரம். இத்தனை காசில் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது என்றால் நாணயச்சாலை அச்சிலேயே பழுது இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். என் சம்பளக் காசைப் பையில் போட்டுவிட்டு அவற்றை எடுத்து ஒரு துணியில் முடிந்துவைத்தேன். மெட்ராஸ் போக ஒருநாள் லீவும் கேட்டு வாங்கினேன். சாப்பிட உட்கார்ந்தாலும் நினைப்பெல்லாம் அந்தக் காசில்தான்.

"இன்னா துன்றீங்கன்னாவது தெரியுதா?" என்று மனைவி கேட்டபோதுதான் தட்டைப் பார்த்தேன்.

லீவுக்கு முந்தைய நாள் பாகாலாவில் இறங்க வேண்டிய ஓர் அம்மாள், இடுப்பில் குழந்தையோடு எழுந்து நின்றாள். நான் கையிலிருந்த பைசாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிறை இருந்தது. அவள் ஸ்டாப்பைத் தாண்டி பஸ் ஓடியது.

"ஏம்ப்பா, கண்ணு அவிஞ்சா போச்சு? கொழந்தய தூக்கிக்கினு இந்த வெயில்ல திரும்பி நடக்கணுமா?" என்று கத்தினாள்.

பதறிப்போய் மேலே இருந்த இரும்புக் கம்பியை அந்தக் காசாலேயே ஓங்கித் தட்டினேன். எங்கள் பஸ்ஸில் மணி கிடையாது. காசால் கம்பியைத் தட்டினால்தான் டிரைவர் நிறுத்துவார். நாள் முழுக்க நான் செய்கிற காரியம் அது.

பஸ் நின்றது. அவள் திட்டிக்கொண்டே இறங்கினாள். நான் காசைப் பார்த்தேன். அதில் இப்போது இரண்டு பிறைகள் இருந்தன.

சந்தேகம் விடவில்லை. திருப்பதியில் பஸ் காலியானதும் பளபளப்பான புதுப் பைசா ஒன்றை எடுத்துக் கம்பியில் தட்டிப் பார்த்தேன். அதிலும் அச்சாக அதே பிறை. நாணயச்சாலை ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாம் என் கைவேலை. அந்த மெட்ராஸ்காரர் எடுத்துப்போன காசும் நான் தட்டியதாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக் காசுகளை மடியில் கட்டிக்கொண்டாள்.

"பஸ் செலவுக்கு ஆவும். லீவு இருக்குதில்ல? அம்மாவ பாத்துட்டு வரலாம்" என்றாள்.

மறுநாள் வேலூர் பஸ் ஏறினோம். குடிபாலா தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி, "இங்கதான் கோடு வருமா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேர்க்கடலைக் கொல்லைதான் ஓடிக்கொண்டிருந்தது. பயணியாக உட்கார்ந்து பழக்கமில்லாமல் எழுந்துபோய், கண்டக்டர் நிற்கிற இடமான படிக்கட்டருகே நின்றுகொண்டேன்.