முதல் பார்வை பூதத்துக்கு

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேசை, ஒரு ஸ்டூல். படிப்பு அஞ்சாவது. பேச்சும் அந்த அளவுதான்.

போன வருஷம் வேலை நின்றுபோனது. மிக்ஸி கெட்டால் சனங்கள் போனிலேயே புதுசு வாங்கிவிடுகிறார்கள். பழசை எடுத்துக்கொண்டு போகவும் ஆள் வருகிறது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

சம்சாரத்தின் தம்பி வேளச்சேரியில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். "பின்கேட்டுக்கு ஆள் கேக்கறாங்க மாமா. சேர்ல ஒக்காந்துகினு போறவன் வர்றவனைப் பாக்கணும். இங்க நீ அதான செஞ்சுகினு கீற" என்றான்.

சம்சாரம் அதைப் பிடித்துக்கொண்டாள். தை பிறக்கிறதுக்குள் கடைக்கு ஆள் வரவில்லை என்றால் ஷட்டரை இழுத்துவிட்டு வேளச்சேரிக்குப் போகவேண்டும். எனக்கு இஷ்டமில்லை. அது அவளுக்கே தெரியும்.

மகளுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு போன் முன்னால் நின்று பேசவேண்டும். அவள்தான் கடைக்கு ஒரு பேஜ் ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோடு வந்து எதிரே நின்றாள்.

"அப்பா, இன்னா பண்றன்னு சொல்லிக்கினே பண்ணு."

"கார்பன் போச்சு."

"அப்புறம்?"

"மாத்தறேன்."

"வேற ஏதாவது சொல்லேன்பா."

யோசித்தேன். வேறு எதுவும் இல்லை. மாத்தி முடித்து, ஓடவிட்டு, "ஓடுது" என்றேன்.

அதை ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. "உன் மூஞ்சிதாம்பா. இந்த மூஞ்சியைப் பாத்தா மிக்ஸி தானா ஓடும்னு போட்டிருக்காங்க" என்றாள் மகள். பார்த்ததோடு சரி. கடைக்கு ஒருத்தரும் வரவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் ஸ்டூல் கால் முறிந்து கீழே விழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்டூல் பழசு. சம்சாரம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊர்க்கண்ணு மொத்தமும் உன் மேல பட்டுகீது. கல்யாணத்துல நாலு பேரு பாத்ததுக்கே சுத்திப் போடறோம். இத்தினி பேரு பாத்தா இடுப்பு நிக்குமா?"

உப்பு, மிளகாய் எடுத்து எனக்குச் சுத்தினாள். அப்புறம் மகளின் போனை வாங்கிக் கட்டிலில் வைத்து அதற்கும் சுத்தினாள்.

"அதுக்கு எதுக்கும்மா?"

"அதுலதான பாத்தாங்க."

இனிமேல் காப்பு இல்லாமல் வீடியோ கூடாது என்று சொல்லிவிட்டாள். வீடு கட்டுகிற இடத்தில் எதற்குப் பூதத்தைத் தொங்கவிடுகிறார்கள்? பார்க்கிறவன் கண் முதலில் அதன் மேல் விழும். அங்கேயே விஷம் இறங்கிவிடும். மிச்சம்தான் கட்டடத்துக்கு. வீடியோவுக்கும் அதே கணக்கு என்றாள். குளத்துப் பக்கம் போய் ஒரு திருஷ்டி பொம்மை வாங்கிவந்தாள். கோரைப்பல், தொங்குகிற நாக்கு, முட்டைக்கண். மீசை என்னுடையதைவிட எடுப்பாக இருந்தது.

"அம்மா, இது பிசினஸ் பேஜ்" என்றாள் மகள்.

"பிசினஸுக்குத்தான்டி கண்ணு படும்."

பேஜில் என் படம் இருந்த இடத்தில் பூதம் வந்தது. எந்த வீடியோ என்றாலும் முதலில் பூதம், அப்புறம் மிக்ஸி, கடைசியில் நான். என் இடுப்பு சரியானது. அதனால் ஏற்பாடு நிலைத்துவிட்டது.

கேள்விகள் வர ஆரம்பித்தன. அண்ணா, அந்த பொம்மை கிடைக்குமா? அண்ணா, இதைவிடப் பெருசு இருக்கா? அண்ணா, நாக்கு இன்னும் நீளமா வேணும். மிக்ஸி பற்றி ஒருத்தர் கேட்டார். மிக்ஸிக்கு மாட்டுகிற மாதிரி சின்ன பூதம் வருமா என்று.

கடைக்கு ஆள் வந்தது. அடையாறிலிருந்து, நங்கநல்லூரிலிருந்து. தரமணி ஆபீஸ் பையன் ஒருத்தன் மேசை மேல் வைக்கக் கேட்டான். "மேனேஜர் சீட்டைப் பாத்தாப்ல திருப்பி வெக்கணும்ணா" என்றான். நான் இது ரிப்பேர் கடை என்றேன். "அப்ப ரிப்பேரான பூதம் இருந்தாலும் குடுங்கண்ணா" என்றான்.

சம்சாரம் மறுநாளே ஒரு மூட்டை பூதம் இறக்கினாள். சுவரில் பாதி அவளுக்குப் போனது. நான் ஸ்பேர் ஜாரையெல்லாம் மேசைக்கு அடியில் தள்ளினேன். முதுகுக்குப் பின்னால் இத்தனை கண்கள் இருக்க, சும்மா உட்காருவது சங்கடமாக இருந்தது. கெட்டுப்போகாத மிக்ஸியையே கழட்டி மாட்டினேன்.

மார்கழியில் மாடவீதி மாமி ஒருத்தர் வந்தார். முந்தின வாரம் பூதம் வாங்கிக்கொண்டு போனவர். கையில் பையோடு நின்றார்.

"உங்க பூதத்தை மாட்டின மறுநாளே எங்காத்து மிக்ஸி நின்னுடுத்து. இதுக்கு என்ன சொல்றேள்?"

நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன். சம்சாரம் சொன்னாள்.

"உங்க மேல வந்தது மிக்ஸியோட போச்சு மாமி. பூதம் இல்லன்னா இன்னா ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க."

மாமி நினைத்துப் பார்த்தார். முகம் மாறியது. பையை மேசை மேல் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கத்துக்கு இன்னொரு பூதம் எடுக்கச் சொன்னார். நான் மிக்ஸியைப் பிரித்தேன். கார்பன். பேஜ் ஆரம்பித்து வந்த முதல் வேலை அது.

அந்த வாரக் கடைசியில் மச்சான் வந்தான். ஒரு பையில் நீலச் சட்டை, எனக்கு. யூனிபார்ம். சம்சாரம் பையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"கடையை மூடிட்டா என் பொம்மையை எங்கடா வெச்சு விக்கறது?"

"நீ வேற அக்கா. அந்த வேலையே இல்ல இப்போ" என்றான் அவன். அபார்ட்மெண்ட்காரர்கள் மகள் போட்ட வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, போர் வற்றிவிட்டது, வாசலில் விட்ட செருப்பு காணாமல் போகிறது. கூட்டம் போட்டுப் பேசினார்களாம். பின்கேட்டுக்கு ஆள் வேண்டாம், பெரிய பூதமாக ஒன்று மாட்டிவிடலாம் என்று முடிவாகிவிட்டதாம்.

"ஆளு தூங்கிடுவான், இது கண்ணு மூடாதுன்றாங்க மாமா. நான் இன்னா பேச முடியும்?"

சம்சாரம் ஏணி போட்டு, இருந்ததில் பெரியதை இறக்கினாள். வண்டியில் போகும்போது கோரைப்பல் இடித்து உடைந்துவிடும் என்று மச்சான் பயந்தான். பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து அதற்குப் போர்த்தி, பொத்தானைப் போட்டான். வண்டியின் பின் சீட்டில் உட்காரவைத்துக் கயிற்றால் கட்டினோம்.

சட்டை எனக்குக் கொஞ்சம் பெரிசாக இருந்திருக்கும். அதற்குச் சரியாக இருந்தது.