லிஃப்டில் அண்ணி, போனில் பூட்டு

அவளுடைய திறமையைப் பார்த்து யாரும் அவளைக் கோல்கீப்பர் ஆக்கவில்லை. அண்ணன்மார் மூன்று பேருக்கும் பந்தை உதைக்கத்தான் ஆசை. எதிரே நின்று வாங்கிக்கட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தவள் கடைக்குட்டி ஒருத்திதான். குடியிருப்புக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இரண்டு புத்தகப் பைகளைக் கம்பமாக வைத்து, நடுவில் அவளை நிறுத்தினார்கள். முதல் வருஷம் முழுக்க அவளுக்கு 'ஓட்டை' என்றுதான் பெயர்.

ஒரு சாயங்காலம் பந்து அவள் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். பெரியண்ணன் தேற்றவெல்லாம் இல்லை.

"இருட்டப் போகுது. பந்த எடுத்துக் குடுத்துட்டு அப்புறம் அழு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். உடனே ஆட்டம் தொடங்கிவிட்டது. அழுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. அண்ணன் அதைப் புத்திமதியாகச் சொல்லவில்லை, அவனுக்கு அவசரம், அவ்வளவுதான். ஆனால் பிற்பாடு பரீட்சையில் கோட்டை விட்டபோதும், முதல் வேலை கையை விட்டுப் போனபோதும் அவள் செய்தது அதைத்தான். பந்தை எடுத்து நடுவில் வைத்தாள். அழுகை பாக்கி இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி அணியில் சேர்ந்த பிறகு 'ஓட்டை' போய் 'பூட்டு' வந்தது. அந்தப் பெயர் நிலைத்தும் விட்டது. இப்போது அவளுக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது, காலேஜில் படிக்கும் மகள் இருக்கிறாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறையை மாட்டிக்கொண்டு பெண்கள் அணியோடு மைதானத்துக்குப் போய்விடுவாள். அவள் புருஷன் வாயைத் திறக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அக்கா பேசிவிடுவாள்.

"வயசுக்கு வந்த பொண்ணு வீட்ல இருக்கா. இவ அரைக்கால் சட்டையப் போட்டுக்கிட்டு சேத்துல உருண்டுட்டு வரா. கேட்பாரே இல்லையா?"

"அண்ணி, நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்பாள் பூட்டு.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு!"

பூட்டுக்கு வேலை, லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில். ஊரில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே இருப்பவர் அபாய மணியை அழுத்தினால், அந்த அழைப்பு அவள் மேசைக்கு வரும். சிறிய அறை, ஜன்னலோரம் ஒரு ஏசி, அதற்குக் கீழே சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. சேர்ந்த புதிதில், இந்த வேலையும் கோல் கம்பத்தடியில் நிற்பது போலத்தான் என்று அவளுக்குப் பட்டது. மைதானத்தில் எல்லாருக்கும் முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. கோல்கீப்பருக்கு மட்டும் முழு மைதானமும் தெரியும். அதனால் அவள்தான் கத்தவேண்டும். அதையும் சுருக்கமாகக் கத்தவேண்டும். "இடது!" "விடு!" "என்னுது!" ஆபத்து நேரத்தில் வியாக்கியானம் எடுபடாது.

ஒரு புதன்கிழமை மதியம் மணி அடித்தது. எடுத்த உடனே காது கிழிந்தது.

"என்னய்யா கம்பெனி நடத்துறீங்க? இருட்டுல ஒரு மனுஷி தொங்கிக்கிட்டு கெடக்கேன்! ஆள அனுப்புறியா, இல்ல நானே கதவ ஒடைக்கட்டுமா?"

பூட்டுக்கு ஒரு நொடி சிரிப்பு முட்டியது. மறுநொடியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது நாத்தனாரின் குரல். அண்ணி குடியிருக்கும் கட்டடம் கம்பெனியின் பொறுப்பில்தான் இருந்தது. மாடிகளுக்கு நடுவே நிற்கும் லிஃப்டில் கதவை நெம்பித் திறப்பது போல ஆபத்து வேறில்லை.

"அண்ணி, நான்தான். கதவத் தொடாதீங்க."

"யாரு? நீயா?"

"நான்தான். கைய எடுங்க. எடுத்தாச்சா?"

"...எடுத்துட்டேன்."

"தரையில உக்காருங்க."

வாழ்நாளில் யார் பேச்சையும் கேட்டிராத அண்ணி உட்கார்ந்துவிட்டாள். பூட்டு இன்னொரு போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் கிளம்பிவிட்டார், ஆனால் நெரிசலில் மாட்டியிருந்தார்.

"மூச்சு முட்டுதும்மா. கண்ண மூடிக்கிட்டா தேவலாமா?"

"வேண்டாம். மூடினா பயம்தான் பெருசாகும். மேல காத்து வர்ற ஓட்டை இருக்கு பாருங்க. மூச்சு தாராளமா கெடைக்கும். லிஃப்ட் கீழ விழாது. நான் போன வைக்கவே மாட்டேன்."

பிறகு சன்னமாக ஒரு கேள்வி வந்தது.

"ஏம்மா, பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா உனக்கு பயமா இருக்காதா?"

"இருக்கும் அண்ணி. சின்ன வயசுல கண்ண இறுக்கி மூடிக்குவேன். மூடின தடவையெல்லாம் பந்து சரியா மூக்குலயே வந்து விழுந்துச்சு. தொறந்து வெச்சாத்தான் கை தானா முன்னால போகும்."

"அதான் உன் மூக்கு அப்படி இருக்கா! பொண்ணு பார்க்க வந்தப்பவே எனக்கு சந்தேகம்."

இருவரும் சிரித்தார்கள். அண்ணி விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டாள். பூட்டும் ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கிய கதையைச் சொன்னாள். ஏழாவது கோலுக்குப் பிறகு எதிரணிப் பெண்ணே வந்து தண்ணீர் கொடுத்த இடத்தில் அண்ணி, "அடிப்பாவி!" என்று கூவினாள். அதற்குள் மெக்கானிக் வந்து லிஃப்டை இறக்கிவிட்டார். கதவு திறந்த சத்தம் பூட்டுக்குக் கேட்டது.

"இரு, இரு" என்றாள் அண்ணி. "எட்டாவது கோல் போச்சா இல்லையா?"

"போகல. தடுத்துட்டேன்."

"அப்படிச் சொல்லு!"

போனை வைத்த பிறகுதான் வாளி நிரம்பி வழிவது பூட்டின் கண்ணில் பட்டது. எழுந்து போய் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் குடையும் கையுமாக அண்ணி வந்து நின்றாள். பூட்டுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. ஆட்டம் தொடங்கியதும் அண்ணி கத்திய கத்தலில் ரெஃபரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். "இடது பக்கம் வராடி! பாரு, பாரு!" பாதி தப்பான பக்கம்தான். ஆனாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து தனக்காக ஒருத்தர் கத்துவது பூட்டுக்கு இதுவரை வாய்க்காத சுகமாக இருந்தது.

அன்றைக்கு ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். வீட்டில் பூட்டு முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். அண்ணிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"அந்த விசில் ஊதுற ஆளுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அது கோலே இல்லடா!" என்று தம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"விடுக்கா. ஆட்டம்னா அப்படித்தான்" என்றான் அவன்.

"உனக்கென்ன தெரியும்? நீ ஒரு நாளாவது வந்து பாத்திருக்கியா?"

அவன் குனிந்து சோற்றைப் பிசையத் தொடங்கினான். பூட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணிக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.