சவேரியாரும் பன்னிரண்டு அங்குல டயரும்

இருதயநாதன் தன் வாழ்நாளில் இரண்டு முறை தவறை ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டும் ராணுவத்தில் இருந்தபோது, மேலதிகாரியின் மேசைக்கு எதிரே விறைத்து நின்றபடி. 1990 ஏப்ரலில் ஓய்வுபெற்று ஊர் திரும்பியதும் அந்தப் பழக்கத்தைச் சீருடையோடு சேர்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

எங்கள் ஊர் காரைக்குளம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் பதினெட்டாவது கிலோமீட்டர் கல்லை ஒட்டி இருக்கிறது. இருதயநாதன் இங்கே 1946இல் பிறந்தார், இருபது வயதில் பட்டாளத்துக்குப் போனார், இருபத்துநான்கு ஆண்டுகள் லாரி ஓட்டினார், ஹவில்தாராகத் திரும்பினார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பது அவர் மனைவி ஆனந்தமேரியின் தாயார் மட்டும்தான். அதுவும் கோபம் வந்தால்.

1993இல் ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். சாதாரண லாரிக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் வேறு எந்த வண்டியும் நுழைய முடியாத காடுகளுக்குள் போய் வெங்காயத்தையும் கரும்பையும் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலைக்கு அதைவிட நல்ல வண்டி இந்தப் பக்கத்தில் இல்லை. வரும்போதே ஒன்பது அங்குல அகலமுள்ள ஒல்லி டயர்களோடு வந்தது. அந்த டயரைப் பற்றி அவர் டீக்கடையில் பாடமே நடத்துவார். ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கும், அடியில் கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலே மிதக்கப் பார்க்கும். மணலுக்கு அது சரி. அடியில் கெட்டிச் சுக்கான்கல் கிடக்கிற நம் கரிசலுக்கு ஆகாது. என்னிடம் மட்டும் இதை ஒன்பது முறை சொல்லியிருக்கிறார். ஒன்பது முறையும் சரியாகத்தான் சொன்னார்.

இனி எங்கள் ஊர்ச் சப்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பர் 3 சவேரியார் திருவிழா. அன்று பிற்பகல் புனிதரின் சுரூபம் ஏறிய சப்பரம் மூன்று தெருவைச் சுற்றி, குளக்கரையின் அடியில் வயல்பாதை வழியாகக் கோயிலுக்குத் திரும்பும். அதை ஏற்றிச் செல்லும் உரிமை ஒரு வீட்டாருக்கு உரியது. வழியில் சப்பரம் எங்கும் நிற்கக் கூடாது. நின்றுவிட்டால் பங்குப் பேரவை கூடிக் காரணத்தை முடிவு செய்யும். மனிதர் பிழையால் நின்றது என்றால் உரிமை மாறாது. புனிதர் தாமாக நின்றார் என்றால், எவர் நிலத்தில் நின்றாரோ அவருக்கு உரிமை போய்விடும். 1931இல் எட்டுப் பேரால் தூக்க முடியாமல் சந்தியாகு வீட்டு வாசலில் நின்றது. பேரவையின் குறிப்பேட்டில் 'புனிதரின் சித்தம்' என்று இருக்கிறது, உரிமை மாறியது. 1958இல் மாட்டுவண்டியின் அச்சு முறிந்தது. 'அச்சு முறிவு' என்று இருக்கிறது, உரிமை மாறவில்லை. இந்தக் குறிப்பேட்டை 1987 முதல் எழுதிவந்தவன் நான்.

சந்தியாகுவின் பேரன் என்ற முறையில் 1994 முதல் உரிமை இருதயநாதனிடம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் சலவை மடிப்புக் குலையாத காக்கிச் சட்டையோடு, சவேரியாருக்கு முன்னால் அவர் உட்கார்ந்து லாரியை ஓட்டுவதைப் பார்த்தால், ஊர்வலம் யாருக்கு என்ற சந்தேகம் வெளியூர்க்காரர்களுக்கு வருவது இயல்பு.

அந்த உரிமையின் மேல் கண் வைத்திருந்தவர் மிக்கேல்ராஜ். ஆனந்தமேரியின் தம்பி; புது டிராக்டர் வைத்திருந்தார். 1999 ஆகஸ்டில் ஒருநாள் டீக்கடை வாசலில் அந்த லாரியின் சக்கரத்தைச் சுற்றி வந்து, குனிந்து, விரலால் அளந்தார்.

"மச்சான், என் டிராக்டரு பின்டயரு பதிமூணரை அங்குலம். நீங்க சவேரியாரைச் சைக்கிள்லல்ல கூட்டிட்டுப் போறீக."

கடையில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். டிராக்டர் டயரில் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையும் உள்ளங்கை உயரம் நிற்கும், அதனால்தான் அகலமாக இருந்தும் சேற்றில் இழுக்கிறது என்று இருதயநாதனுக்குத் தெரியும். ஆனால் ஏழு பேர் சிரித்து முடித்த இடத்தில் விளக்கம் சொல்வதற்குப் பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பதில்லை போலும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

செப்டம்பர் 14ஆம் தேதி திண்டுக்கல் பேகம்பூரில் ஜமால் முகமதுவின் பழைய டயர் கடையில் நின்றார். துணைக்கு நானும் போயிருந்தேன். ஏதோ ஒரு கிரேனிலிருந்து கழற்றிய பன்னிரண்டு அங்குல டயர்கள் நான்கு, அவற்றுக்கேற்ற இரும்பு வளையங்களோடு, சுவரில் சாய்ந்திருந்தன. ஜமால் முகமது நேர்மையான வியாபாரி. விற்பதற்கு முன்னால் பொருளைப் பழித்துக் காட்டுவார். இது தார்ரோட்டுக்கான டயர், பிடிப்புக்கு இருக்கும் பட்டனும் முக்கால்வாசி தேய்ந்துவிட்டது, சேற்றில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தார்.

"ஹவில்தாரே, சேத்துக்கு ஒல்லிதான்னு எனக்கே நீங்கதான சொல்லிக் குடுத்தீக."

"அது பட்டாளத்துச் சேறு பாய். இது நம்மூருச் சேறு."

ஒன்பது அங்குலத்தைக் கடையில் விட்டுவிட்டுப் பன்னிரண்டு அங்குலத்தை மாட்டிக்கொண்டு வந்தார். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வளைவில் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசியது, மட்கார்டை வெட்டினார். ஸ்டீயரிங் கனத்தது, தோளுக்கு நல்ல உடற்பயிற்சி என்றார். டயரின் குறுக்களவு நூற்றொரு சென்டிமீட்டரிலிருந்து நூற்றுப்பன்னிரண்டாக உயர்ந்ததால் சக்கரம் குறைவாகச் சுற்றியது. திண்டுக்கல்லுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று கல் சொல்ல, அவர் வண்டியின் மீட்டர் பதினாறு புள்ளி இரண்டு என்றது. இதை எடுத்துச் சொன்னபோது அவர் போய்க் கல்லைச் சுற்றிவந்து பார்த்தார். நெடுஞ்சாலைத் துறை கல்லைத் தவறாக நட்டிருக்கிறது என்று முடிவுசெய்தார்.

அந்த ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் எழுபத்துநான்கு மில்லிமீட்டர் மழை. 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை வெயில் அடித்தது. பிற்பகல் இரண்டு பத்துக்குச் சப்பரம் கிளம்பியது. மூன்று தெருவும் சிமெண்ட் தெரு. டயர் அழகாகப் போனது. மூன்று பதினைந்துக்கு வயல்பாதையில் இறங்கியது. பாதையின் நடுப்பகுதி மிக்கேல்ராஜின் பட்டா நிலம், கரிசல். மாட்டுவண்டிகளும் இதே லாரியும் பல ஆண்டுகள் ஓடிச் சுக்கான்வரை வெட்டிய இரட்டைத் தடம் அதில் உண்டு. தடத்தின் அகலம் பத்து அங்குலம். ஒன்பது அங்குல டயர் அதற்குள் இறங்கித் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். பன்னிரண்டு அங்குல டயர் எங்கே இறங்கும்? தடத்தின் மேல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, கரிசலை மாவுபோலச் சுற்றிக்கொண்டு, மூன்று இருபத்தைந்துக்கு நின்றது. நான்கு சக்கரமும் சுழன்றன. பேண்டு வாத்தியக்காரர்கள் மேல் சேற்றை அள்ளி வீசின. டிரம்பெட்காரர் ஒரு பாட்டின் நடுவில் துப்பிவிட்டு மறுபடி ஊதினார். லாரி இடப்பக்கம் சாய, கயிற்றில் கட்டியிருந்த சவேரியார் மிக்கேல்ராஜின் வெங்காயப் பயிரை எட்டிப் பார்ப்பதுபோல நின்றார்.

அப்போது கூட்டத்தில் இருந்த செபாஸ்தியம்மாள் என்ற கிழவி சேற்றில் முழந்தாளிட்டாள். "சவேரியாரு நின்னுட்டாரு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் முழந்தாளிட்டார்கள். பிறகு எல்லோரும். இருதயநாதன் அதுவரை ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இன்ஜினை அணைத்தார், தொப்பியைக் கழற்றினார், இறங்கி வந்து முதல் வரிசையில் முழந்தாளிட்டார். இன்ஜினை அணைக்க அதைவிடக் கௌரவமான காரணம் அன்று அவருக்குக் கிடைத்திருக்காது.

சுரூபத்தைத் தோளில் சுமந்து அறுநூறு மீட்டர் தூரம் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். லாரியை மறுநாள் காலை மிக்கேல்ராஜின் டிராக்டர் இழுத்தது. டயரில் அப்பியிருந்த கரிசலை ஸ்கேல் வைத்து அளந்தேன்: நான்கு அங்குலம்.

முழந்தாளிட்டபோது உரிமை மாறும் வழக்கம் அவர் நினைவில் இல்லை. வீட்டில் ஆனந்தமேரி நினைவுபடுத்தினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை பேரவை கூடும், காரணத்தைக் கேட்கும். டயர் என்று சொன்னால் உரிமை இவரிடமே இருக்கும். சவேரியார் என்று சொன்னால் அவள் தம்பிக்குப் போகும். அவளுக்குத் தம்பி மேல் பாசம் உண்டு, ஆனால் அவன் பெண்டாட்டி திருவிழாவில் முன்னால் நடப்பதைப் பார்க்கும் அளவுக்கு இல்லை.

"கோவா, மலாக்கா, ஜப்பான்னு சுத்துன மனுசரு, நிக்கிறதுக்கு எந்தம்பி வெங்காயக்காடுதான் கெடச்சுச்சாக்கும். டயருன்னு ஒத்த வார்த்தை சொல்லிப்புடுங்க" என்றாள்.

இதை அவளே என் மனைவியிடம் சொன்னாள்.

டிசம்பர் 5, காலைப் பூசைக்குப் பிறகு எட்டரை மணிக்குப் பங்குச் சாமியார் வீட்டில் பேரவை கூடியது. பதினோரு உறுப்பினர்களில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். மிக்கேல்ராஜ் நிலத்துக்காரர் என்ற முறையில் அழைக்கப்பட்டிருந்தார். சாமியார் முதலில் அவரைக் கேட்டார். நான்கு மாதத்துக்கு முன்னால் சைக்கிள் என்று சொன்ன அதே வாய், அந்த டயரைப் புகழத் தொடங்கியது.

"மச்சான் டயருல ஒரு கொறையும் சொல்ல முடியாது சாமி. பன்னெண்டு அங்குலம். இந்தச் சுத்துவட்டாரத்துல அப்படி டயரு கெடையாது. பட்டாளத்துல இருந்தவருக்குத் தெரியாததா? அம்புட்டு நல்ல டயரு நிக்குதுன்னா, நிப்பாட்டுனது யாரு?"

இருதயநாதனின் முகம் சிவந்தது. தன்னை யாரும் இவ்வளவு தெளிவாகப் புகழ்ந்து அவர் கேட்டதில்லை. தன்னை யாரும் இவ்வளவு தெளிவாகக் கொள்ளையடித்துப் பார்த்ததும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. சாமியார் அவர் பக்கம் திரும்பினார். இளம் வயதுச் சாமியார், ஊருக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வண்டியில் ஏதாவது கோளாறா, டயர் ஒத்துவராததா, தயங்காமல் சொல்லலாம், அப்படியென்றால் எதுவும் மாறாது என்று இரண்டு முறை வழி திறந்துவிட்டார்.

நான் 'காரணம்' என்று எழுதி, பேனாவைத் தூக்கி வைத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்திரண்டு. ஒன்பது அங்குலப் பாடத்தை ஊருக்கே நடத்தியவருக்கு ஒரு சொல் போதும். உரிமை வேண்டுமா, டயர் வேண்டுமா என்பதே கேள்வி. அவர் மிக்கேல்ராஜைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார், என் பேனாவைப் பார்த்தார். பிறகு எழுந்து விறைத்து நின்றார். மூன்றாவது முறையாக ஒப்புக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன்.

"டயருல குத்தமில்ல சாமி" என்றார்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு 'புனிதரின் சித்தம்' என்று எழுதினேன். நான்கு அங்குலக் கரிசலைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் எனக்கும் இல்லை. இருதயநாதன் ஹவில்தார் என்ற பதவியையும் சேர்த்துக் கையொப்பமிட்டார்.

மிக்கேல்ராஜ் அந்த இடத்தில் சிமெண்டுச் சிலுவை ஒன்று நட்டார். 2000 டிசம்பரில் சப்பரம் டிராக்டரில் போனது. சிலுவைக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் நிறுத்தினார். முதல் மெழுகுவர்த்தியை ஏற்றியவர் இருதயநாதன். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குப் போன வருடம் நடந்ததை அவரே விவரித்தார். வண்டியின் ஆற்றலைக் கொஞ்சம் கூட்டி, அதற்கு ஏற்ப சவேரியாரின் பலத்தையும் கூட்டிச் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், இனி அந்த டயரைக் கழற்ற முடியாது. 2000 மழைக்காலத்தில் வெங்காயக் காடுகளுக்குள் இரண்டு முறை மாட்டிக்கொண்டார். மூன்றாம் முறை அவரை யாரும் கூப்பிடவில்லை, டிராக்டரைக் கூப்பிட்டார்கள். 2001 அக்டோபர் 9ஆம் தேதி, மழைக்காலம் தொடங்குமுன், என்னையும் அழைத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனார். ஜமால் முகமதுவின் கடையில் பழைய ஒன்பது அங்குல டயர்கள் நான்கும் தூசி படிந்து உட்புறமாக அடுக்கப்பட்டிருந்தன. இருதயநாதன் போய் மேலே இருந்ததன் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு வெடிப்பும் இல்லை.

"மாட்டிருவமா ஹவில்தாரே? அரைமணி நேர வேலை."

அவர் விரலில் ஒட்டிய தூசியை வேட்டியில் துடைத்தார்.

"வேணாம் பாய். இப்ப இதை மாட்டுனா, அன்னிக்கு நின்னது சவேரியாரா டயரான்னு ஊருல கேப்பாக. சவேரியாருக்குல்ல கெட்ட பேரு."

பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு ட்யூப் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.