நாலாவது விடை

"குளத்துத் தண்ணி காணுமோ?"

சிறுபோகம் என்கிற கோடை நெல் விதைப்புக்கு முந்திய கூட்டங்களில் கமக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான், தண்ணீர் போதுமா என்று. நான் விவசாயப் போதனாசிரியர். குளத்துக்கு நான் பொறுப்பில்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "இப்ப சொல்லேலாது." எனக்கு முன் இருந்தவர் ஒருமுறை, "ஓம், காணும்" என்று சொல்லிவிட்டார். கதிர் தள்ளும் நேரம் வாய்க்கால் காய்ந்தது. மோட்டார் சைக்கிளை வரம்பிலேயே போட்டுவிட்டு மனிசன் ஓடின ஓட்டத்தை வட்டக்கச்சியில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். அந்தச் சிரிப்பு பழக்கிய வாய் இது. மழை வருமா, சொல்லேலாது. பூச்சி விழுமா, சொல்லேலாது. காற்றுக்கும் வானத்துக்கும் நடுவில் நிற்கிறவருக்கு அதைவிடப் பத்திரமான சொல் கிடையாது.

இந்த வாயோடுதான் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தேன்.

நீர் முகாமைத்துவ மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்கும் போல இருந்தது. கணிதப் பகுதியில் அவர்கள் கேட்கும் புள்ளி வந்தால் புலமைப்பரிசிலும் உண்டு. இந்த வருடம் தவறினால் வயதெல்லை தாண்டிவிடும். தலையில் நரை, மேசையில் நிறைவெண்கள், குசினியில் பொங்கி வழியும் பால். எதையும் முழுதாகப் பார்க்க முடியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குகள் பெரிதாகப் படுத்தவில்லை. ஒப்பிடும் கேள்விகள்தான் படுத்தின. இடப்பக்கம் ஒரு கணியம், வலப்பக்கம் ஒரு கணியம். எது பெரிது என்று மட்டும் சொன்னால் போதும். இடது பெரிது, வலது பெரிது, இரண்டும் சமன், நாலாவதாக, தந்த தகவலைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அந்த நாலாவது விடையைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டது போல எனக்கு முகம் மலர்ந்தது. என் சொல்லை அச்சிலேயே போட்டுவைத்திருக்கிறார்களே!

போட்டேன். போட்டுக்கொண்டே போனேன். பயிற்சிப் பரீட்சை முடிவு வந்தபோது அவற்றில் முக்கால்வாசி பிழை.

செட்டிகுளத்தில் கணிதம் படிப்பிக்கிற என் கம்பஸ் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்தேன். பிழைத்த கேள்வி ஒன்றை வாசித்துக் காட்டினேன். n ஒரு மறை நிறைவெண், பூச்சியத்துக்குக் கீழே நிற்கும் முழு எண். இடப்பக்கம் n இன் வர்க்கம், வலப்பக்கம் n இன் கனம்.

"நீ என்னடி போட்டனி?"

"சொல்லேலாது எண்டு. n எவ்வளவெண்டு அவங்கள் தரேல்லைத்தானே?"

"எடி விசரி, n எவ்வளவெண்டு உன்னட்டை ஆர் கேட்டது? மறை எண்ணை வர்க்கிச்சா என்ன வரும்?"

"நேர்."

"கனம்?"

"மறை."

"பிறகென்ன? n எந்தக் காட்டுக்குள்ளை கிடந்தாலும் இடப்பக்கம்தான் பெரிசு. n ஐத் தெரியாதெண்டதும் எது பெரிசெண்டு தெரியாதெண்டதும் ஒண்டோ?"

ஒன்றில்லை. இத்தனை வருடம் இரண்டையும் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவைத்திருந்தேன்.

பிறகு மறுபக்கம் சாய்ந்தேன். நிறைவெண் n, இடப்பக்கம் n இன் வர்க்கம், வலப்பக்கம் n. இரண்டைப் போட்டேன், மூன்றைப் போட்டேன், மறை ஐந்தையும் போட்டேன். வர்க்கம்தான் பெரிது என்று துணிந்து எழுதினேன். அதுவும் பிழை.

"பூச்சியத்தை ஆர் பார்க்கிறது? உன்ரை மாமனோ?" என்றாள் சிநேகிதி. "பூச்சியத்தைப் போட்டாச் சமன், ஒண்டைப் போட்டாலும் சமன். இதுக்குத்தான் நாலாவது விடை. முதல் அந்த ரெண்டையும் போட்டுப்பார், பிறகு மறை எண்ணைப் போடு. எல்லாம் ஒரே பக்கம் சாய்ஞ்சாலும் ஏன் சாயுதெண்டு கேள். வேற வேற பக்கம் போனாத்தான் சொல்லேலாது."

இவர், என் கணவர், வயலால் வந்து சோற்றில் கை வைத்தபடி கேட்டார், "இஞ்சேரும், கறிக்கு உப்புக் காணுமோ?"

"சொல்லேலாது. நான் இன்னும் ருசி பார்க்கேல்லை."

"உமக்கு அந்தப் பரீட்சையிலை முழுப்புள்ளியும் தரவேணும் அப்பா."

அந்தக் கிழமையே சிறுபோகக் கூட்டம். போகிற வழியில் குளக்கட்டில் சைக்கிளை நிறுத்தினேன். நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் எவ்வளவு, தெரியாது. மழை வருமா, தெரியாது. ஆனால் போன வருடம் இதைவிடக் கீழே நின்ற தண்ணீரில், ஒரு துளி மழை இல்லாமல், பாதி வயல் விளைந்தது. கூட்டத்தில் வழக்கமான கேள்வி வந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளரைப் பார்த்தேன். சொல்லுங்கோ என்பது போல அவர் தலையை ஆட்டினார். "முழுக்க விதைச்சாக் காணுமோ எண்டு சொல்லேலாது," என்றேன். "பாதி விதைச்சாக் காணும்." பின்வரிசையில் ஒருவர், "அம்மா மோட்டார் சைக்கிளை எங்கை விட்டிருக்கிறா எண்டு பாருங்கோ," என்றார். கூட்டம் சிரித்தது. நானும்தான். "நான் சைக்கிளிலை வந்தனான் ஐயா." ஆனாலும் பாதிக்குத்தான் தீர்மானம் எடுத்தார்கள்.

கொழும்பில் பரீட்சை மண்டபம் குளிர்ந்துபோய்க் கிடந்தது. திரையில் ஒப்பிடும் கேள்வி ஒன்று வந்தது. அடுத்தடுத்த இரண்டு நிறைவெண்கள். அவற்றின் பெருக்கத்தை இரண்டால் வகுத்தால் வரும் மீதி இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். எண்கள் எவையென்று சொல்லவில்லை. விரல் தானாக நாலாவது விடைக்குப் போனது. பிடித்து நிறுத்தினேன். பூச்சியமும் ஒன்றும், மீதி இல்லை. மறை மூன்றும் மறை இரண்டும், மீதி இல்லை. ஏன்? பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இருவரில் ஒருவர் கட்டாயம் இரட்டை எண். அந்த இருவர் யாராக இருந்தால் எனக்கென்ன? மீதி பூச்சியம்தான். வலது பெரிது. அழுத்தினேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

முடிவில் திரை கொஞ்ச நேரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு புள்ளியைக் காட்டியது. அதைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். வெளியே வந்தபோது வெயில் முதுகில் கை வைத்தது போல இருந்தது. பேருந்துகள் கத்தின, யாரோ அன்னாசி வெட்டினார்கள், என் கால்கள் எங்கே போவதென்று தெரியாமல் எல்லாப் பக்கமும் போகப் பார்த்தன. ஒரு மதிலோடு நின்று இவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்னப்பா, எப்பிடி? அவை கேட்ட புள்ளி வந்திட்டுதோ?" பின்னால் தண்ணீர் மோட்டர் இரைந்தது.

"சொல்லே..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது.

"ஐயோ, விசர்க்கதை கதையாதையும்!"

"காணும்," என்றேன். "அவை கேட்டதைவிடக் கூட. காணும்."

"என்ன? கேக்கேல்லை. பொறும், மோட்டரை நிப்பாட்டிப்போட்டு வாறன்."

இரைச்சல் நின்றது. அவர் வரம்பால் நடந்து வரும் சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லும்."

திரும்பவும் சொன்னேன்.