சிவப்பும் பழுப்பும்

நேற்று பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடைத் தொலைக்காட்சியில் மூத்தோர் ஸ்னூக்கர் மேசைப்பந்துப் போட்டி ஓடியது. நரைத்த ஆட்டக்காரர் ஒருவர் நடுவரிடம் பந்தின் நிறத்தைக் கேட்டார். எனக்கு எண்பதுகளின் கிள்ளான் நகரம் நினைவுக்கு வந்தது.

அன்று மூத்தோர் இறுதியாட்டம். அப்பா தன் கண்புரையை யாரிடமும் சொல்லவில்லை. கடைசிச் சிவப்பை அடிக்க வேண்டியவர் பழுப்புப் பந்தைக் குறிவைத்தார். அதைத் தொட்டால் புள்ளிகள் எதிராளிக்கு, ஆட்டமும் போய்விடும். எதிராளி, பந்திங் ஊர் லோரி ஓட்டுநர் முத்தையா அங்கிள், எழுந்தார்.

“அண்ணே, அது பிரவுன் லா. சிவப்பு இடது பக்கம்.”

அப்பா சிவப்பை அடித்து ஜெயித்தார்.

“ஏன் அங்கிள் சொன்னீங்க?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“கண்ணு தெரியாம அவரு தோத்தா, நான் ஜெயிச்சதா ஆகுமா? பாத்தாலே கண்புரைன்னு தெரியுது, ஆபரேஷன் பண்ணிட்டு வரச் சொல்லும்மா. அடுத்த வருஷம் அவர விடமாட்டேன்.”