யார் வாங்கித் தந்த ஸ்டூல்

கட்டிக்கொடுத்த மகளிடம் ஒரு பொருளைக் கைநீட்டி வாங்கினால் அப்பாவுக்குக் கௌரவம் போய்விடும். போன தீபாவளிக்கு நான் எடுத்த சட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "மாப்பிள்ளைக்குக் குடு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் கணவர் ஒல்லி. அந்தச் சட்டைக்குள் அவரும் இன்னொரு ஆளும் தாராளமாக நுழையலாம்.

ஆனால் முறுக்கு, மாம்பழம் என்று கொண்டுபோனால் ஒன்றும் சொல்லமாட்டார். அற்பமான பொருளென்றால் கௌரவம் கண்டுகொள்ளாது போலிருக்கிறது. சரி, அந்த வழியாகவே போவோம் என்று அவருடைய பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டேன். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இலஞ்சிக் குளத்தங்கரைதான் ஸ்டேஷன். காலையில் தூண்டிலோடு போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு.

முதலில் தூண்டில் முள் வாங்கப் போனேன். தென்காசிக் கடைக்காரர், "கெண்டைக்கா, விராலுக்காம்மா?" என்று கேட்டதும் முழித்தேன். அம்மாவுக்கு போன் போட்டேன். "விராலா? விரல் நீளத்துக்குக் கெண்டை கொண்டாருதாரு, அதுக்கே அவ்வளவு பேச்சு" என்றாள். சின்ன முள்ளாக ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். அப்பா "ம்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு "ம்"முக்கு நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

அடுத்து ஸ்டூல். முட்டிவலியோடு பாறையில் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்கத் தரையைப் பிடித்துத் தடுமாறுகிற மனுஷர். சாரல் நேரத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனபோது, ரோட்டோரக் கடையில் மடக்கு ஸ்டூல் தொங்கியது. விலை குறைவுதான். தாங்குமா என்று தெரியவேண்டுமே? கடைக்காரரும் அப்பா அளவுக்குக் கனம் என்பதால், அவரையே உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கினேன். "இது எதுக்கு?" என்று முணுமுணுத்தாலும் அப்பா அதையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பா பிரஷர் மாத்திரை போடாமலே போய்விட்டார் என்றாள். மாத்திரையும் தண்ணீருமாகக் குளத்தங்கரைக்கு நடந்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய குடைக்குக் கீழே அவருடைய கூட்டாளி. இருவருடைய முதுகும்தான் என் பக்கம் இருந்தது.

"ஸ்டூல் நல்லாருக்கே. எங்கன வாங்கினீரு?" என்று கேட்டார் கூட்டாளி.

"மவன் அனுப்பினான்வே. மிலிட்டரி கேன்டீன் சாமான், லேசுல ஒடியாது."

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அப்பா தூண்டில் போடுகிறாரா வலை வீசுகிறாரா என்பதே அவனுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை போன் செய்து ஊரில் மழையா என்று கேட்பான். அவன்மேல் தப்பில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, இதை யாரு வாங்கித் தந்தா?" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. "மெதுவாப் பேசு. மீன் ஓடிரும்."

"யாருன்னு சொல்லுங்க."

கூட்டாளி சிரித்தார். "விடும்மா. இந்தக் குடைகூட என் மவ வாங்கித் தந்ததுதான். நானும் மவன் தந்தான்னுதான் சொல்லிட்டுத் திரியுதேன். மவகிட்ட வாங்கினேன்னு நாலு பேர்ட்ட சொல்ல முடியுமா?"

அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எங்கோ ஒருத்தி எத்தனை குடையை விரித்து விரித்துப் பார்த்து இதை எடுத்தாளோ. அவளை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவளுக்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

"அந்த அக்கா வீடு எங்கன இருக்கு, மாமா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எதுக்கும்மா?"

"போய்ச் சொல்லத்தான்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே, "இவதான்வே வாங்கித் தந்தா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. எதிர்க்கரையில் ஏழெட்டுப் பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்கும் கேக்கும்படியாச் சொல்லுங்கப்பா" என்றேன்.

அப்பா தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தார்.